உயிரணுவின் இரட்டைப் பூட்டு

சென்ற மாதம் நமது நெசவாள அங்கத்தினர் ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்தது. தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மகன் வயிற்றுப் பேத்திக்கு ஒரு வயது நிறையுமுன்னரே இரண்டு கண்களிலும் புற்றுநோய் கண்டது. ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றொரு கண் சிகிச்சையினால் பிழைத்தது. இப்பொழுது மூன்று வயதாகும் அக்குழந்தை தறிக்குழியைச் சுற்றி ஓடி விளையாடுகிறாளாம். மருமகள் மீண்டும் கருவுற்றிருக்கிறாள். முதற் பிள்ளையைச் சுமந்த காலத்தில் கிரகணத்தன்று அவள் வாசலில் நின்றதுதான் இத்தனைக்கும் காரணம் என்று தெருவார் பேசுகின்றனர். பெரியவர் நம்மிடம் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள்: புகையிலையும் மதுவும் அறியாத பச்சைக் குழந்தைக்குப் புற்று எங்கிருந்து வந்தது? பிறக்கப்போகும் குழந்தைக்கும் வருமா? தம் மருமகள் மீது குற்றம் உண்டா?

மூன்றாவது கேள்விக்கு முதலிலேயே விடை கூறிவிடுகிறோம். குற்றம் இல்லை. ஏன் இல்லை என்பதையும், மற்ற இரண்டு கேள்விகளுக்கு உரிய விடையையும் விளக்குவதற்குச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. விஷயம் மருத்துவ விஞ்ஞானத்தைச் சேர்ந்ததாயினும், ஒரு சங்கத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய எவருக்கும் இது புரியும் என்பது நம் நம்பிக்கை.

நம் உடல் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் பல தேய்ந்து மடிகின்றன. மடிந்தவற்றிற்கு ஈடாகப் புதியன தோன்றுகின்றன. சிவப்பு இரத்த அணுக்கள் மட்டும் நொடிக்குச் சுமார் 20 லட்சம் வீதம் உண்டாகின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதனாலேயே புதிய உயிரணு தோன்றுகிறது. காயம் பட்ட இடத்தில் தோல் வளர்ந்து மூடுவதும், மூடியபின் வளராமல் நின்றுவிடுவதும் நாம் நாள்தோறும் காண்பவை. வளர்வதை வியக்கிறோம், நிற்பதை யாரும் வியப்பதில்லை. ஆனால் உடலுக்கு அரிய காரியம் நிற்பதுதான். நிற்கத் தெரியாத உயிரணுக்களின் கூட்டத்திற்கே புற்று என்று பெயர்.

ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் அதன் வேலை முழுவதையும் வகுத்துரைக்கும் ஏடு இருக்கிறது. நெசவாளருக்கு இதை எளிதில் விளக்கலாம். ஜக்கார்டுப் பெட்டியில் தொங்கும் அட்டைக் கோவையில் துளைகள் எவ்வாறு குத்தப்பட்டிருக்கின்றனவோ அவ்வாறே கரையில் பூ விழுகிறது. அதுபோல உயிரணுவில் 300 கோடி எழுத்துக்களாலான கோவை ஒன்று உண்டு. அதில் ஒரு குறிப்பிட்ட வேலைக்குரிய பகுதியை மரபணு என்பர். முக்கியமான வேறுபாடு ஒன்று: உயிரணுவில் இக்கோவை இரட்டையாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. உயிரணு பிரியுமுன் இரண்டு கோவைகளையும் முழுமையாகப் படியெடுத்தாக வேண்டும். அத்தனை துளைகளைக் குத்தும்போது எங்கேனும் ஒரு துளை தவறுவது இயல்பு. பெரும்பாலான தவறுகளை உயிரணுவே கண்டு திருத்திவிடும். திருத்தப்படாமல் நின்றுவிடும் ஒன்றிரண்டே நம் கதைக்கு வேண்டுவன.

புற்றுநோய் என்பது உயிரணுவுக்குள் புதிதாக ஏதோ ஒன்று புகுந்து அதை விரட்டுவதனால் வருவது என்ற கருத்தே நெடுநாள் ஓங்கியிருந்தது. 1969-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹென்றி ஹாரிஸும் ஸ்வீடன் நாட்டு ஜார்ஜ் கிளைனும் தம் கூட்டாளிகளுடன் வேறொரு செய்தியைத் தெரிவித்தனர். எலியின் புற்று அணு ஒன்றையும் புற்றல்லாத அணு ஒன்றையும் ஒன்றாக இணைத்து ஒரே அணுவாக்கியபோது, அந்தக் கலப்பு அணு தன் கொடுமையை இழந்து அடங்கிவிட்டது. இணைந்த கோவைகளில் சில பகுதிகள் பின்னர் உதிர்ந்துபோனபோதுதான் அது மீண்டும் புற்றாயிற்று. அதாவது, புற்று அணுவிடம் இல்லாத ஏதோ ஒன்று நல்ல அணுவிடம் இருந்தது. புற்று என்பது ஒன்று கூடியதன் விளைவு மட்டுமன்று; ஒன்று குறைந்ததன் விளைவாகவும் இருக்கலாம் என்று அன்று தெரிந்தது.

குறைந்தது எது? இங்கேதான் நம் அங்கத்தினரின் பேத்திக்கு வந்த அதே நோய் வரலாற்றில் நுழைகிறது. கண்ணின் உட்புறத்தில், ஒளியை வாங்கும் விழித்திரையில் தோன்றும் இப்புற்றுக்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். உலகெங்கும் சுமார் 16,000 முதல் 18,000 பிறப்புக்கு ஒன்று வீதம் காணப்படுகிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருந்த ஆல்ஃபிரட் நட்ஸன் என்னும் குழந்தை மருத்துவர், இந்நோய் கண்ட 48 குழந்தைகளின் பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவர் செய்தது நம் தணிக்கையாளர் செய்யும் வேலையே. சோதனைச்சாலை இல்லை, நுண்ணோக்கி இல்லை. எந்தக் குழந்தைக்கு ஒரு கண்ணில், எந்தக் குழந்தைக்கு இரு கண்களில், எத்தனை மாதத்தில் நோய் தெரிந்தது என்ற கணக்கு மட்டும் இருந்தது. இரு கண்களிலும் நோய் கண்டவர்களுக்கு அது இளம் பருவத்திலேயே வந்திருந்தது. பெற்றோருக்கும் அந்நோய் இருந்த குழந்தைகள் அவர்களிடையே காணப்பட்டனர். ஒரு கண்ணில் மட்டும் கண்டவர்களுக்குச் சற்றுக் காலம் தாழ்த்தி வந்திருந்தது. இவ்விரு கூட்டத்தின் வயதுகளையும் தாளில் குறித்துப் பார்த்தபோது, முதற் கூட்டத்தில் ஒரே ஒரு விபத்து நேர்ந்தால் போதும், இரண்டாம் கூட்டத்தில் இரண்டு விபத்துக்கள் நேரவேண்டும் என்ற முடிவு கணக்கிலிருந்தே கிடைத்தது. 1971-இல் அதை அவர் வெளியிட்டார்.

நம் சங்கங்களின் இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு இருப்பது அங்கத்தினர் அறிந்ததே. தலைவரிடம் ஒரு சாவி, காரியதரிசியிடம் ஒரு சாவி. ஒரு பூட்டுப் பழுதானாலும் மற்றொன்று பெட்டியைக் காக்கும். உயிரணுப் பிரிவை அடக்கி வைக்கும் மரபணுவும் அவ்வாறே தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு உண்டு. இரண்டும் பழுதானால்தான் அடக்கம் போகும். சாதாரணக் குழந்தைக்கு இரு பூட்டுக்களும் நலமாகவே அமைகின்றன. விழித்திரை வளரும் காலத்தில் ஓர் அணுவில் ஒரு பூட்டுத் தற்செயலாகக் கெடலாம். அதே அணுவின் வழித்தோன்றலில் இரண்டாவது பூட்டும் கெடுவது அரிதிலும் அரிது. அப்படி நேர்ந்தாலும் ஒரு கண்ணில் ஒரு கட்டியோடு முடியும். ஆனால் சில குழந்தைகளுக்குக் கருவான கணத்திலேயே ஒரு பூட்டுப் பழுதாகிவிடுகிறது. உடலின் ஒவ்வோர் அணுவும் ஒற்றைப் பூட்டுடனேயே தோன்றுகிறது. வளரும் விழித்திரையிலோ அணுக்கள் லட்சக்கணக்கில் உண்டு. அத்தனையில் ஒன்றிரண்டிலேனும் எஞ்சிய பூட்டும் கெடுவது ஏறக்குறைய உறுதி. ஆகையால்தான் இரு கண்களிலும், ஒரே கண்ணிற்குள் இரண்டு மூன்று இடங்களிலும் கட்டிகள் எழுகின்றன.

நட்ஸன் கணக்கில் கண்ட பூட்டைக் கையில் எடுத்துக்காட்ட மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1986-இல் பாஸ்டன் பகுதியில் ஸ்டீபன் ஃபிரெண்ட், தாடியஸ் டிரைஜா, ராபர்ட் வைன்பர்க் ஆகியோரும் கூட்டாளிகளும் பதின்மூன்றாம் குரோமோசோமில் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். நோயின் பெயரைக் கொண்டே அதை ஆர்.பி. என்று அழைக்கின்றனர். கண்ணில் கண்டெடுக்கப்பட்டதாயினும் அது கண்ணுக்கு மட்டும் உரியதன்று. உடலெங்கும் பிரியும் அணுக்களில் அது காவல் இருக்கிறது.

அந்தக் காவல் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். இந்தப் பகுதியே இக்கட்டுரையின் மையம். வாசகர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

பிரிந்து முடிந்த அணு உடனே அடுத்த பிரிவுக்குப் போவதில்லை. காத்திருக்கிறது. கோவையைப் படியெடுக்கும் வேலையைத் தொடங்குவதற்குப் பல கருவிகளும் பண்டங்களும் வேண்டும். அவற்றையெல்லாம் திரட்டும் மேஸ்திரி போன்ற புரதம் ஒன்று உண்டு; அதன் பெயர் ஈ-2-எஃப். இந்த மேஸ்திரியை ஆர்.பி. புரதம் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. மேஸ்திரி அணுவுக்குள்ளேயே இருக்கிறார்; வேலையும் தெரியும்; ஆயினும் கை கட்டுண்டு நிற்கிறார்.

உடலுக்குப் புதிய அணு தேவைப்படும்போது, காயம் பட்ட இடத்திலிருந்தோ வேறிடத்திலிருந்தோ செய்தி வருகிறது. செய்தி வந்ததும் அணு சைக்ளின்-டி என்னும் புரதத்தை உண்டாக்குகிறது. அது கைனேஸ் என்னும் நொதியுடன் சேர்ந்துகொண்டு ஆர்.பி. புரதத்தின் மீது பாஸ்பேட்டுக்களை ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. பாஸ்பேட் என்றதும் நமது பயிராளர் நிமிர்ந்து உட்காரலாம். சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் மணிச்சத்தாக வயலுக்குச் செல்லும் அதே பாஸ்பேட்தான். பயிரின் வேரிலும் நம் உடலிலும் அதற்கு எத்தனையோ வேலைகள். அவற்றுள் இதுவும் ஒன்று. பாஸ்பேட் ஏற ஏற ஆர்.பி. புரதத்தின் உருவம் மாறுகிறது. பிடி தளர்கிறது. மேஸ்திரி விடுபட்டு வேலையைத் தொடங்குகிறார். தொடங்கியதும் அவர் செய்யும் முதற் காரியங்களுள் ஒன்று, சைக்ளின்-ஈ என்ற மற்றொரு புரதத்தை வரவழைப்பது. அது ஆர்.பி.யின் மீது மேலும் பாஸ்பேட்டை ஏற்றி, மீண்டும் பிடிக்க இயலாதவாறு செய்துவிடுகிறது. அதன் பின் வெளியிலிருந்து வந்த செய்தி நின்றுபோனாலும் அணு திரும்பாது, பிரிந்தே தீரும். திரும்ப வழியில்லாத அப்படி ஓர் எல்லை இருப்பதை 1974-இலேயே ஆர்தர் பார்டி எடுத்துக்காட்டியிருந்தார். காரணம் பின்னரே விளங்கிற்று. பிரிவு முடிந்ததும் பாஸ்பேட்டுக்கள் களையப்படுகின்றன, ஆர்.பி. மறுபடியும் மேஸ்திரியின் கையைப் பற்றிக்கொள்கிறது.

சைக்ளினைக் கண்டவர் டிம் ஹன்ட் என்னும் ஆங்கிலேயர். 1982-இல் அமெரிக்கக் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்ற ஊரில், முட்கள் நிறைந்த கடற்பிராணியாகிய கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராயும்போது, ஒவ்வொரு பிரிவின்போதும் பெருகிப் பின் சட்டென்று மறையும் ஒரு புரதத்தை அவர் கவனித்தார். அதற்காக 2001-இல் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கடல் முள்ளெலியின் முட்டைக்கும் நம் குழந்தைகளின் கண்ணுக்கும் என்ன உறவு என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்திராது. பயனை முன்னதாகவே கேட்டு மானியம் வழங்குவோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

ஆர்.பி. தனியாளாக இல்லை. சைக்ளின்-டி கூட்டாளியை அடக்கும் பி-16 என்ற புரதம் ஒன்று அதற்கு முன்னே நிற்கிறது. பி-16 கைனேஸை அடக்குகிறது, கைனேஸ் ஆர்.பி.யைத் தளர்த்துகிறது, ஆர்.பி. மேஸ்திரியை அடக்குகிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முடிவு ஒன்றே. கண் புற்றில் ஆர்.பி. அறுகிறது. வேறு பல புற்றுக்களில் பி-16 தொலைகிறது. மார்பகப் புற்றுக்கள் பலவற்றில் ஆர்.பி. நலமாகவே இருந்தும், சைக்ளின்-டி அளவுக்கு மீறிப் பெருகி அதை ஓயாமல் தளர்த்திக்கொண்டேயிருக்கிறது. இவ்வறிவினால் மருந்தும் பிறந்திருக்கிறது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்ளிப் என்ற மாத்திரை, பி-16 செய்யும் வேலையைத் தான் செய்து கைனேஸை அடக்குகிறது. ஆர்.பி.யையே முற்றும் இழந்துவிட்ட புற்றுக்கு அம்மாத்திரையால் பயனில்லை. பிடிக்கும் கையே இல்லாதபோது, பிடியைத் தளர்த்துபவனைத் தடுத்து என்ன ஆகும்?

பி-53 என்னும் மற்றொரு காவலனைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். கோவையில் அறுபட்டோ சிதைந்தோ போன இடம் இருக்குமாயின் இது விழித்துக்கொள்கிறது. பழுது தீரும்வரை கைனேஸை நிறுத்தி, ஆர்.பி.யின் பிடி தளராமல் பார்த்துக்கொள்கிறது. பழுது தீராதாயின் அணுவைத் தானே மடியும்படி செய்துவிடுகிறது. மனிதருக்கு வரும் புற்றுக்களில் ஏறத்தாழப் பாதியில் இக்காவலன் கெட்டிருப்பதைக் காண்கின்றனர். 1979-இல் இது கண்டறியப்பட்டபோது, புற்றைத் தூண்டுவதே இதுதான் என்று விஞ்ஞானிகள் எண்ணிவிட்டனர். அவர்கள் கையிலிருந்த மாதிரி ஏற்கெனவே கெட்டுப்போன மாதிரி. பற்றையும் வரவையும் மாற்றி எழுதிய பேரேடுபோலப் பத்தாண்டுகள் கணக்குத் தவறாகவே நடந்து, 1989-இல்தான் திருத்தப்பட்டது. யானைக்கு இந்தப் பி-53 மரபணு சுமார் 20 இடங்களில் இருப்பதாக 2015-இல் தெரியவந்தது. நமக்கு ஒரே இடத்தில்தான். அத்தனை பெரிய உடலும் நீண்ட ஆயுளும் உடைய யானைக்குப் புற்று அரிதாகவே வருவதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகின்றனர்.

இது நிற்க. பூட்டுக் கெடாமலே கொள்ளை போகும் வழியும் ஒன்று உண்டு. நம் அங்கத்தினர் குடும்பங்களில் இதனால் துன்புறும் தாய்மார்கள் கண் நோயால் துன்புறும் குழந்தைகளைக் காட்டிலும் மிகப் பலர் என்பதனால், கடிதத்தில் கேட்கப்படாததாயினும் எழுதுகிறோம். கருப்பையின் வாயில் தோன்றும் புற்றைப் பற்றியது இது. மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியே இதற்குக் காரணம். அதன் வகைகளுள் 16, 18 என்ற இரண்டை 1983, 1984 ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹரால்ட் ட்ஸுர் ஹவுஸனும் கூட்டாளிகளும் கண்டெடுத்தனர். 2008-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கருப்பைவாய்ப் புற்றில் நூற்றுக்கு 70 இவ்விரண்டினால் வருவன.

இந்த வைரஸுக்குத் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் கருவிகள் இல்லை. அணு தன் கோவையைப் படியெடுக்கும் சமயத்தில்தான் அக்கருவிகள் வெளிவரும். ஓய்ந்திருக்கும் அணுவை எழுப்பினாலொழிய வைரஸுக்குப் பிழைப்பில்லை. ஆகவே அது ஈ-7 என்ற புரதத்தை உண்டாக்கி, அதைக்கொண்டு ஆர்.பி.யைப் பற்றி மேஸ்திரியை விடுவிக்கிறது. இவ்வாறு கள்ளத்தனமாக எழுப்பப்பட்ட அணுவைப் பி-53 கொன்றுவிடும் அல்லவா? அதற்கென்றே ஈ-6 என்ற மற்றொரு புரதம். அது பி-53-ஐ அழிக்கிறது. காவலாளி இருவரையும் இவ்வாறு கட்டிப்போடும் வைரஸைப் பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரண்டு ஆண்டுகளில் தானே துரத்திவிடும். சிலரிடம் அது தங்கிவிடுகிறது. தங்கியவர்களிலும் புற்றாக முற்றுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் செல்லும்.

1951-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி தமது 31-ஆம் வயதில் இந்நோயால் இறந்தார். வர்ஜீனியாவில் புகையிலை பயிரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் சம்மதத்தைக் கேளாமலே எடுக்கப்பட்ட புற்று அணுக்கள் உலகின் ஆராய்ச்சிச் சாலைகளில் இன்றளவும் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் இருப்பது 18-ஆம் வகை வைரஸின் மரபணு. 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவ்வணுக்களில் ஈ-6, ஈ-7 இரண்டையும் அடக்கிப் பார்த்தனர். ஏறக்குறைய ஐம்பதாண்டு காலம் ஓயாது பிரிந்துவந்த அணுக்கள் பிரிவதை நிறுத்திவிட்டன. ஆர்.பி.யும் பி-53-உம் அத்தனை காலமும் கெடாமல் அங்கேயே இருந்திருக்கின்றன. கட்டு நீங்கியதும் எழுந்து தம் வேலையைச் செய்தன. இதைப் படித்த அன்று நமக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே மேலிட்டது. பூட்டு நலமாக இருந்த வீட்டில் அல்லவா அப்பெண்மணி அழிந்தார்!

வைரஸை முன்னதாகவே தடுக்கும் ஊசி 2006-இல் வந்தது. 2022-இல் இந்தியாவில் தயாரான ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. 9 முதல் 14 வயதுக்குள் சிறுமியருக்குப் போடுவதே சிறந்தது. வைரஸ் வந்து தங்கியபின் ஊசியால் அதை வெளியேற்ற இயலாது. ஊசியின் வயதைக் கடந்தவர்களுக்குப் பரிசோதனை இருக்கிறது. இதற்குத் தக்க சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உண்டு. 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுவரையுள்ள சுமார் 80,000 பெண்களை வைத்து, அம்பிளிக்கை மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சில் லியோன் நகரிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையம் ஆகியவை சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. பயிற்சி பெற்ற நர்சுகள், வினிகரிலுள்ள அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தனர். கெடத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். அவ்விடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்தனர். ஒரே ஒரு முறை செய்த இப்பரிசோதனையால், பரிசோதனை நடந்த பஞ்சாயத்துக்களில் நோய் நூற்றுக்கு 25-உம், இறப்பு நூற்றுக்கு 35-உம் குறைந்ததாக 2007-இல் வெளியிட்டனர். நம் மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கூலி நாளை இழக்க மனமின்றியும், கூச்சத்தினாலும் நம் பெண்கள் போவதில்லை. பாவு முடிந்து அடுத்த பாவு ஏறுமுன் கிடைக்கும் ஓய்வு நாளில் நாலைந்து பேராகச் சேர்ந்து போகும்படி மகளிர் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம்.

இனிப் பெரியவரின் கடிதத்திற்கு வருவோம்.

பேத்திக்கு இரு கண்களிலும் நோய் வந்ததிலிருந்து, அவள் உடலில் ஒரு பூட்டுத் தொடக்கத்திலேயே பழுதாயிருந்தது என்று கொள்ளலாம். அது எங்கிருந்து வந்தது? இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கே குடும்பத்தில் முன்பு அந்நோய் இருந்திருக்கிறது. பெரும்பாலும் பழுது புதிதாகவே, பெற்றோரின் வித்தணுவிலோ சினையணுவிலோ ஏட்டைப் படியெடுக்கும்போது தோன்றுகிறது. அவ்வாறு புதிதாகத் தோன்றிய பழுதுகளை ஆராய்ந்ததில், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தந்தை தந்த கோவையில் இருக்கக் கண்டனர். ஆண்களின் வித்தணுக்கள் வாழ்நாள் முழுவதும் ஓயாமல் படியெடுக்கப்படுவதால் தவறுகளும் அங்கே மிகுதி. இது தந்தையின் குற்றமும் அன்று. எவருடைய வித்தணுவிலும் நேரக்கூடிய எழுத்துப் பிழை. ஆயினும் மருமகளைக் குறை கூறும் தெருவார் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நலம். கிரகணத்தை எவரும் பொருட்படுத்தாத நாடுகளிலும் இந்நோய் ஏறக்குறைய இதே வீதத்தில்தான் வருகிறது.

பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி: முதலில் பேத்தியின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பிழை எந்த எழுத்தில் என்று காணலாம். பிறகு அதே பிழை தாய் தந்தையரிடம் உண்டா என்று பார்க்கலாம். ஒருவரிடம் இருக்குமாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்வதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இருவரிடமும் இல்லையெனில் அச்சம் மிகக் குறைவு. முற்றும் இல்லையென்று மட்டும் சொல்ல இயலாது. இரத்தப் பரிசோதனைக்கு வசதி கிட்டாவிட்டாலும் பாதகமில்லை. குழந்தை பிறந்த முதற் சில வாரங்களுக்குள் பாப்பாவை விரிக்கும் மருந்திட்டுக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்துவிட வேண்டும். பின்னர் டாக்டர் சொல்லும் இடைவெளியில், தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறையும் பின்பு சில மாதங்களுக்கு ஒரு முறையுமாக, ஐந்து வயதுவரை பார்த்துவர வேண்டும். விழித்திரை அணுக்கள் அதற்குள் பிரிவதை நிறுத்திவிடுவதால் அப்பால் இந்நோய் வருவது அரிது. கட்டி சிறிதாக இருக்கையில் லேசர் ஒளியாலும் குளிராலும் மருந்தாலும் கண்ணையும் பார்வையையும் காக்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசாங்கக் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆகிய இடங்களில் இதற்கு அனுபவமுள்ள டாக்டர்கள் உண்டு.

மற்ற அங்கத்தினரும் ஒன்றைக் கவனிக்கலாம். குழந்தையின் கண்பாப்பாவில் பூனைக் கண்போல வெண்மை மின்னினாலும், பளிச்சிடும் விளக்குடன் எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் விழுந்தாலும், புதிதாக மாறுகண் தோன்றினாலும், அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டவேண்டும். வேறு காரணங்களாலும் இவை வரலாம். ஆனால் இந்நோயாக இருந்துவிட்டால், கண்ணுக்குள் இருக்கும்போதே சிகிச்சை பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். பச்சிலைச் சாறு பிழிந்தும் தாய்ப்பால் பீச்சியும் மாதங்களைக் கழித்து, கட்டி கண்ணைத் தாண்டிய பிறகு வரும் குழந்தைகளைக் காப்பது கடினம்.

பேத்தியைப் பற்றிப் பெரியவர் கேட்கவில்லை, நாமே கூறுகிறோம். அவள் உடலின் மற்ற அணுக்களிலும் ஒற்றைப் பூட்டே இருப்பதால், அவளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையையும் தேவையற்ற எக்ஸ்-ரேக்களையும் டாக்டர்கள் தவிர்க்க விரும்புவர். எங்கு சென்றாலும் அவளுக்கு இருந்த நோயை முதலில் சொல்லிவிட வேண்டும். வளரும் பருவத்தில் எலும்பில் விடாத வலியோ வீக்கமோ கண்டால் அசட்டை செய்யலாகாது. மற்றபடி அவள் படிக்கலாம், தறி ஏறலாம், மணம் புரிந்து பிள்ளை பெறலாம். அவள் பிள்ளைகளின் கண்களைப் பிறந்ததுமுதல் பார்த்துக்கொள்ளும் கடமை மட்டும் உண்டு.

சிசுவைப் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லும் நாளில், பேத்தியின் கண்ணை எடுத்தபோது அம்மருத்துவமனை கொடுத்த திசுப் பரிசோதனை அறிக்கையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அதைத் தம் பாவுக் கணக்குப் புத்தகத்தினுள் மடித்துப் பத்திரமாக வைத்திருப்பதாகப் பெரியவர் எழுதியிருக்கிறார்.